மரபணு சொல்வதும் மாப்பிள்ளை வீட்டார் கேட்பதும்

2015 மே மாதம் மும்பையின் 'மிட்-டே' நாளிதழில் ஒரு வரன் விளம்பரம் வந்தது. மணமகன் தேவை. வயது 25 முதல் 40 வரை. நல்ல வேலை, சைவ உணவு, விலங்குகளிடம் பிரியம். சாதி தடையில்லை, ஐயர் என்றால் கூடுதல் விருப்பம். இதுவரை எல்லாம் வழக்கமான விளம்பரம்தான். ஆனால் மணமகன் கேட்கப்பட்டது ஒரு மகனுக்காக. விளம்பரம் கொடுத்தவர் பத்மா ஐயர் என்கிற தாய். மகன் ஹரீஷ் ஐயர், பால் சிறுபான்மையினர் உரிமைக்காகப் பேசிவருபவர். ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் மீண்டும் உயிர் கொடுத்திருந்த நேரம் அது. வேறு சில பெரிய நாளிதழ்கள் சட்டச் சிக்கலைச் சொல்லி விளம்பரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டன.

பாராட்டியவர்கள் உண்டு, ஏசியவர்கள் உண்டு, "இதிலுமா ஐயர்?" என்று சாதியைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. மகன் யாரை விரும்புகிறான் என்பதை மறைக்காமல், சம்பந்தம் பேசும் இடத்துக்கே ஒரு தாய் கொண்டுவந்ததுதான் பலரை உலுக்கியது. அந்த இடத்தில் இப்படிப்பட்ட விஷயங்களை மூடி மறைப்பதுதான் வழக்கம்.

மும்பைத் தமிழர்களின் வட்டாரங்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடவும் கூலி வேலைக்கும் வந்தவர்கள் தாராவியில் வேரூன்றினார்கள். அலுவலக வேலைக்கு வந்த குடும்பங்கள் மாட்டுங்காவில் கோயிலும் பள்ளியும் சபாவும் கட்டிக்கொண்டன. அடுத்த தலைமுறை செம்பூருக்கு நகர்ந்தது. வருமானம் வேறு, சாதி வேறு, பேச்சுவழக்கு வேறு. ஆனால் பெண் பார்க்கப் போனால் மூன்று இடத்திலும் காபி ஆறும் முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "குடும்பத்துல வேற யாருக்காவது ஏதாவது உண்டா?" சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் யாரும் இப்படி இழுத்துக் கேட்பதில்லை. சித்தப்பா ஏன் வேலைக்குப் போவதில்லை, அத்தை எப்படி இறந்தார், அண்ணனுக்கு நாற்பதாகியும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி.

பாலினம், பாலீர்ப்பு, மனநலம் மூன்றைப் பற்றியும் மரபணு ஆய்வுகள் நடக்கின்றன. முடிவுகள் செய்தியாகி, பெண் பார்க்கும் கூடத்துக்கும் வந்து சேர்கின்றன. 'பிறவியிலேயே வந்தது' என்று விஞ்ஞானம் சொன்னால் சிலருக்கு நிம்மதி, சிலருக்குப் பயம். விஞ்ஞானத்தின் மீது நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதைவிட, கிடைக்கும் விடை யார் கைக்குப் போகும் என்பதுதான் மக்களின் மனப்பான்மையைத் தீர்மானிக்கிறது. அது தவறான கைக்குப் போய்விடுமோ என்று சந்தேகப்பட மும்பைக்காரர்களுக்குக் காரணமும் உண்டு.

ஒற்றை மரபணு இல்லை

1993இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டீன் ஹேமர், தன்பால் ஈர்ப்புள்ள 40 ஜோடிச் சகோதரர்களை ஆராய்ந்தார். அவர்களில் 33 ஜோடிகளுக்கு எக்ஸ் குரோமோசோமின் ஒரு முனை பொதுவாக இருந்தது. ஆய்வு 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஹேமரின் முடிவு எச்சரிக்கையாகவே இருந்தாலும், 'தன்பால் ஈர்ப்பு மரபணு கிடைத்துவிட்டது' என்றுதான் பத்திரிகைகள் எழுதின. "பிறவியில் வந்ததற்குத் தண்டனை எதற்கு?" என்று கேட்க ஒரு பிடி கிடைத்ததாகச் சிலர் மகிழ்ந்தார்கள். கருவிலேயே பரிசோதித்துக் கலைத்துவிடுவார்களே என்று சிலர் அஞ்சினார்கள். 1999இல் கனடாவில் நடந்த ஆய்வில் ஹேமரின் முடிவு உறுதிப்படவில்லை.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2019 ஆகஸ்டில், அதே இதழில் மிகப் பெரிய ஆய்வொன்று வந்தது. ஆண்ட்ரியா கன்னாவும் சக ஆய்வாளர்களும் 4,77,522 பேரின் மரபணுத் தகவல்களை அலசியிருந்தார்கள். ஒற்றை மரபணு எதுவும் இல்லை என்பதுதான் விடை. டிஎன்ஏயில் ஐந்து இடங்கள் தொடர்புள்ளவையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. எல்லா மரபணு வேறுபாடுகளையும் சேர்த்தாலும், மனிதருக்கு மனிதர் காணும் வித்தியாசத்தில் 8 முதல் 25 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது. ஒருவரின் டிஎன்ஏயை வைத்து அவர் யாரை விரும்புவார் என்று சொல்ல முடியாது என்று ஆய்வாளர்கள் திட்டவட்டமாக எழுதினார்கள். ஆய்வுக்கு உட்பட்டவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவ்வளவு தெளிவாக எழுதியும் பயன் இல்லை. இரண்டே மாதத்தில், உங்கள் டிஎன்ஏயைக் கொடுத்தால் தன்பால் ஈர்ப்புக்கு மதிப்பெண் போட்டுத் தருகிறோம் என்று ஒரு செயலி இணையத்தில் விற்பனைக்கு வந்தது. ஆய்வாளர்களே கண்டனம் தெரிவித்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் அது விலக்கப்பட்டது.

மும்பையில் இந்த விவாதம் பழையது. 1990இல் அசோக் ராவ் கவி தன்பால் ஈர்ப்பினருக்கான 'பாம்பே தோஸ்த்' இதழைத் தொடங்கினார். 1994இல் ஹம்சஃபர் அறக்கட்டளை வந்தது. 'ஏன் இப்படி ஆனான்?' என்று காரணம் தேடும் பெற்றோரை ஆற்றுப்படுத்துவது இத்தகைய அமைப்புகளின் அன்றாட வேலைகளில் ஒன்று. வளர்ப்பில் தவறிவிட்டோமோ என்று குமையும் தாய்க்கு 'பிறவி இயல்பு' என்ற சொல் ஆறுதலாகும். "அப்படியானால் நம் வம்சத்தில் இருக்கிறதா?" என்று அடுத்த நிமிடமே அந்தச் சொல் தங்கையின் கல்யாணக் கவலையாகவும் மாறும்.

2018 செப்டம்பர் 6 அன்று 377ஆவது பிரிவைத் தளர்த்திய தீர்ப்பிலும் இந்த இரு போக்குகளைக் காணலாம். பாலீர்ப்பு இயற்கையானது, உயிரியல் காரணிகளால் அமைவது, மனிதனின் கட்டுப்பாட்டில் இல்லாதது என்ற வழியில் போனார் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா. எது இயற்கை என்று முடிவுசெய்வது யார் என்று கேட்டு, உரிமைக்கு இயற்கையைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை என்ற பக்கம் நின்றார் நீதிபதி சந்திரசூட். தன்பால் ஈர்ப்பு நோயல்ல என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் அதே ஆண்டு அறிவித்தது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார்.

குரோமோசோம் என்னும் சான்றிதழ்

2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. மருத்துவரின் அறையோடு நிற்க வேண்டிய ஒரு முடிவு, நாடெங்கும் தொலைக்காட்சிச் செய்தியாக ஓடியது. பிறந்தது முதல் பெண்ணாக வாழ்ந்தவரை, அவரே பார்த்திராத ஓர் அறிக்கையை வைத்து ஊர் பேசியது.

நீதிமன்றங்கள் பின்னால் வேறு வழியில் போயின. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தவர் உரிமையை ஏற்றபோது, பாலினத்தை உடலையும் குரோமோசோமையும் வைத்து முடிவுசெய்யும் பழைய ஆங்கிலேய அளவுகோலை நிராகரித்தது. ஒருவர் தன்னை எப்படி உணர்கிறாரோ அதுவே அவர் பாலினம் என்றது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தூத்துக்குடியில் நடந்த ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவுசெய்யச் சொன்னது. உடற்கூறில் ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காமல் பிறக்கும் ஊடுபால் குழந்தைகளுக்கு, பாலினத்தை 'சரிசெய்யும்' அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்றும் அதே தீர்ப்பில் கூறியது.

பரம்பரை என்றால் பாதி ஆறுதல்

மனநோய் என்றால் பேய், பில்லி, சூனியம் என்றுதான் நம் மக்கள் நினைக்கிறார்கள் என்பது படித்தவர்களிடம் ஊறிப்போன எண்ணம். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. மனச்சிதைவு நோயாளிகளின் 254 குடும்பங்களிடம் "எதனால் வந்தது?" என்று கேட்டார்கள். 2001இல் டாக்டர் தாராவும் சக ஆய்வாளர் ஸ்ரீநிவாசனும் வெளியிட்ட முடிவின்படி, அமானுஷ்யக் காரணம் சொன்ன குடும்பங்கள் 12 சதவீதம் மட்டுமே. மன அழுத்தமும் வாழ்க்கைச் சிக்கலுமே அதிகம் பேர் சொன்ன காரணம். அடுத்து நோயாளியின் சுபாவம், அதற்கடுத்து பரம்பரை. அதே நிறுவனத்தின் இன்னோர் ஆய்வில், குடும்பங்களை அதிகம் வதைத்தவை திருமணம் தடைபடும் கவலையும், அக்கம்பக்கத்தார் ஒதுக்குவார்கள் என்ற பயமும், வெளியே தெரியாமல் மறைக்க வேண்டிய நிலையும்தான்.

மனச்சிதைவில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. பொதுமக்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வரும் நோய் அது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. மரபணு முழுக்க ஒன்றாக இருக்கும் ஒரே கரு இரட்டையரிலும், ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கு வருவது ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான். 2022இல் 'நேச்சர்' இதழில் வந்த உலகளாவிய ஆய்வு, இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்களை டிஎன்ஏயில் அடையாளம் கண்டது. ஒரு மழைநாளில் மும்பையின் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்குவதற்கு மழை, கடல் ஏற்றம், அடைத்த சாக்கடை எல்லாம் ஒன்றுசேர வேண்டும், மனச்சிதைவும் அப்படித்தான். பல மரபணுக்களின் சிறு சிறு பங்கும், கருவில் இருந்தபோது ஏற்பட்ட பாதிப்பும், போதைப் பழக்கமும், வாழ்வின் அடிகளும் கூடிவந்தால்தான் நோய்.

இந்த ஆராய்ச்சியில் தமிழர்களின் ரத்த மாதிரிகளுக்கும் இடம் உண்டு. ஸ்கார்ஃபும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர் பிரயன் மௌரியின் குழுவும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்தார்கள். தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே நடக்கும் திருமணம். அப்படிப்பட்ட குழுக்களில் மரபணு வேறுபாடு குறைவு என்பதால், நோயோடு தொடர்புள்ள பகுதியைத் தேடிப்பிடிப்பது எளிது. 'நல்ல குடும்பமா' என்று துருவித் துருவிச் சொந்தத்துக்குள் பெண் எடுத்த பழக்கமே விஞ்ஞானிகளுக்கு வசதியாகிப் போனது.

2019இல் இக்குழு 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் வெளியிட்ட ஆய்வில் தென்னிந்தியர்கள் 3,092 பேர் பங்கேற்றார்கள்; அவர்களில் 1,321 பேர் மனச்சிதைவு உள்ளவர்கள். எட்டாவது குரோமோசோமில் ஒரு மரபணு சிக்கியது. நயசின் எனப்படும் வைட்டமின் பி3ஐ உடல் பயன்படுத்துவதில் அதற்குப் பங்கு உண்டு. இந்த வைட்டமின் குறைந்தால் வரும் பெல்லாக்ரா நோயில் தோல் வெடிப்பதோடு மனமும் குழம்பும். சோளத்தையே நம்பியிருந்த தக்காணத்து ஏழைகளிடம் ஐதராபாத் மருத்துவர்கள் ஒரு காலத்தில் அதைக் கண்டார்கள். அதனால் இந்தக் கண்டுபிடிப்பு சுவாரசியமானது. வைட்டமின் மாத்திரை போட்டால் மனச்சிதைவு தீரும் என்று அதற்குப் பொருள் இல்லை.

மனநோய்க்கு மரபணு காரணம் என்று தெரிந்தால் மக்கள் நோயாளியைக் கனிவாகப் பார்ப்பார்களா? பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, மெல்போர்ன் பல்கலைக்கழக உளவியலாளர் நிக் ஹாஸ்லமின் குழு 2013இல் விடை சொன்னது. நோயாளியைக் குற்றம் சொல்வது குறைகிறது. ஆனால் 'இனி தேறமாட்டார்' என்ற அவநம்பிக்கையும் 'ஆபத்தானவர்' என்ற எண்ணமும் கூடுகின்றன. குற்றவாளி என்ற பழி நீங்கி, குணமாகாதவர் என்ற முத்திரை விழுகிறது.

முத்திரைகள் மாறவே மாறாதவை என்றும் சொல்ல முடியாது. இந்து திருமணச் சட்டம் ஒரு காலத்தில் மனநோயோடு காக்காய் வலிப்பையும் திருமணம் செல்லாமல் போகக் காரணமாக வைத்திருந்தது. 1999இல் திருத்தம் வந்து வலிப்பு நீக்கப்பட்டது. திருமணத்துக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் தகுதியற்ற அளவுக்கான மனக்கோளாறு என்ற வாசகம் மட்டும் சட்டத்தில் இன்றும் தொடர்கிறது. செம்பூரை அடுத்த தேவ்நாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம் 2012இல் 'ஐகால்' என்ற மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையைத் தொடங்கியது. பெயர் சொல்லாமல், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் பேச முடிவது பலருக்கு அதில் கிடைக்கும் முதல் நன்மை.

ஊசி முனையில் பாலினம்

முன்பு சொன்ன மும்பையின் சந்தேகத்துக்குக் காரணம் 1980களில் இருக்கிறது. பனிக்குட நீர் பரிசோதனை என்பது கருவின் மரபணுக் கோளாறுகளைக் கண்டறிய வந்தது. கர்ப்பத்தின் பதினாறாவது வாரத்தை ஒட்டி, வயிற்றின் வழியே நீண்ட ஊசியைச் செலுத்திக் கருவைச் சூழ்ந்த நீரில் கொஞ்சம் எடுப்பார்கள். அதில் மிதக்கும் கருவின் செல்களை வளர்த்துக் குரோமோசோம்களை எண்ணுவார்கள். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். எண்ணும்போது எக்ஸ் எக்ஸா, எக்ஸ் ஒய்யா என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை 1970களின் நடுவில் இதை ஆராய்ச்சியாகத் தொடங்கியது. பாலினம் அறியவே பலர் வருகிறார்கள் என்று தெரிந்ததும் அரசு மருத்துவமனைகளில் தடை வந்தது. தனியார் மருத்துவமனைகளைத் தடுக்க ஆள் இல்லை. இன்றைக்கு ஐந்நூறு ரூபாய் செலவழித்தால் நாளைக்குப் பல்லாயிரம் வரதட்சணை மிச்சம் என்ற ரீதியில் வெளிப்படையாகவே விளம்பரங்கள் வந்தன. பம்பாய் லோக்கல் ரயில்களிலும் அவை ஒட்டப்பட்டன. மகாராஷ்டிர அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் டாக்டர் சஞ்சீவ் குல்கர்னி 1986இல் பம்பாயின் 50 மகப்பேறு மருத்துவர்களிடம் விசாரித்தார். அவர்களில் 42 பேர் பாலினம் அறிவதற்காக இந்தப் பரிசோதனையைச் செய்துவந்தார்கள். பெண்களுக்கு உதவி செய்வதாகவே பலர் நினைத்தார்கள்.

எதிர்ப்பும் இதே நகரத்தில்தான் எழுந்தது. 1985இல் பெண்கள் அமைப்பினரும் மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து, பாலினத் தேர்வுக்கு எதிரான மன்றத்தைத் தொடங்கினார்கள். விபூதி படேல், அமர் ஜெசானி போன்றோர் அதில் முன்னின்றார்கள். பெற்றோர் தங்கள் பெண் குழந்தைகளோடு ஊர்வலம் போனார்கள். மரபணுப் பரிசோதனையே வேண்டாம் என்பது அவர்கள் வாதம் அல்ல. நோய் கண்டுபிடிக்க வந்த கருவி பெண்ணையே நோயாக்கிவிட்டது என்றுதான் சொன்னார்கள். 1988இல் நாட்டிலேயே முதலாவதாக மகாராஷ்டிரம் சட்டம் போட்டது. 1994இல் மத்தியச் சட்டம் வந்து 1996 ஜனவரியில் அமலானது. அதற்குள் ஊசிக்கு வேலையில்லாமல் ஸ்கேன் கருவி தெருவுக்குத் தெரு வந்திருந்தது. மகாராஷ்டிரத்தில் ஆறு வயது வரை ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 1991இல் 946 பேர், 2001இல் 913, 2011இல் 894.

2003இல் சட்டம் திருத்தப்பட்டது. கருவுறுவதற்கு முன்பு பாலினம் தேர்ந்தெடுப்பதும் தடைசெய்யப்பட்டது. இரண்டு பெண் குழந்தைகள் உள்ள தம்பதியர், குடும்பம் சமநிலைப்பட ஆண் குழந்தை வேண்டும், தேர்ந்தெடுக்க அனுமதியுங்கள் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2007 செப்டம்பரில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகளை நடத்தும் மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் இருப்பதும் தேவ்நாரில்தான். 2019-21 கணக்கெடுப்பின்படி, மகளைவிட மகன்கள் அதிகம் வேண்டும் என்று சொன்ன பெண்கள் சுமார் 15 சதவீதம்.

அடுத்த பட்டியல்

மரபணுத் தகவலால் வேறு இடங்களிலும் இழப்பு உண்டு. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை விசாரித்தது. 'மரபணுக் கோளாறு' என்ற ஒற்றை வரியைக் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாரபட்சம் என்று அது தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் 'ஜீனோம் இந்தியா' திட்டம் 83 சமூகக் குழுக்களைச் சேர்ந்த 10,000 பேரின் மரபணு வரிசைகளை ஆய்வுக்குத் திறந்தது. இந்தியர்களை வைத்தே இந்தியர்களின் நோயை ஆராய இதனால் வழி பிறக்கும். மரபணுவின் பெயரால் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்க அமெரிக்காவில் 2008இலேயே தனிச் சட்டம் வந்தது. இந்தியாவில் அதற்கு இணையான தனிச் சட்டம் இல்லை.

அமெரிக்காவில் சில நிறுவனங்கள், சோதனைக் குழாயில் உருவான கருக்களுக்கு மனச்சிதைவு உள்ளிட்ட நோய்களின் அபாய மதிப்பெண் போட்டு, எந்தக் கருவை வைத்துக்கொள்ளலாம் என்று பெற்றோரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. இது நிரூபிக்கப்படாத, அறமற்ற வேலை என்று ஐரோப்பிய மனித மரபியல் சங்கத்தினர் எழுதினார்கள். பாலினத் தேர்வை எதிர்த்து எழுந்த சட்டம்தான் இந்தியாவில் இதற்கும் வேலியாக நிற்கிறது. கருவில் எவற்றுக்காகப் பரிசோதிக்கலாம் என்று அது ஒரு பட்டியல் தருகிறது: குரோமோசோம் கோளாறுகள், மரபுவழி வளர்சிதை மாற்ற நோய்கள், ஹீமோகுளோபின் நோய்கள், பாலினம் சார்ந்த மரபு நோய்கள், பிறவிக் குறைபாடுகள். மனநோய் அதில் இல்லை. புதிதாக ஒன்றைச் சேர்க்கும் அதிகாரம் மத்திய மேற்பார்வை வாரியத்துக்கு உண்டு. மருத்துவ மரபியலாளர், மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், சமூக அறிவியலாளர், பெண்கள் நல அமைப்பினர் ஆகியோரில் தலா இரண்டு பேரும், மூன்று பெண் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அந்த வாரியத்தில் இடம்பெற வேண்டும் என்கிறது சட்டம். மனநோயோடு வாழ்பவர்களுக்கோ அவர்கள் குடும்பத்தாருக்கோ அதில் இடம் ஒதுக்கப்படவில்லை.